ஒரு படிவத்துக்கு இவ்வளவு கூலி: அமெரிக்கத் தமிழ்க் கட்சிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி, ஓட்டுப் போட்டு, அதோடு நிற்காமல் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிற தமிழர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள். இந்த மடல் இரண்டு பக்கத்துக்கும்தான். தனித்தனியாக எழுதியிருந்தால், ஜனநாயகக் கட்சி நண்பர்களுக்கு எழுதியதைக் குடியரசுக் கட்சி நண்பர்களும், அவர்களுக்கு எழுதியதை இவர்களும் சந்தோஷமாக வாட்ஸ்அப்பில் பரப்பியிருப்பீர்கள். தன் பெயருக்கு வந்ததை ஒருவரும் வாசித்திருக்க மாட்டீர்கள். அதனால் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். ஆட்களுக்குக் கூலி கொடுத்து வாக்காளர் பதிவுப் படிவம் சேகரிக்கிற இடத்தில் கள்ளப் படிவம் பிடிபட்டது என்று ஒரு செய்தி வருகிறது. அந்தக் கூலி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் அது ஜனநாயகத்தின் மீதான தாக்குதல், பெரிய சதி, வேரோடு பிடுங்க வேண்டியது. நம் பக்கத்திலிருந்து வந்திருந்தால் யாரோ ஒன்றிரண்டு பேர் செய்த சில்லறைத் தப்பு, அவர்களை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது, அடுத்த வேலையைப் பாருங்கள். ஏறக்குறைய இருபது வருஷமாக இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பேசுகிற ஆள்தான் மாறுகிறார், வசனம் அப்படியே இருக்கிறது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் படிவம் 6 கொடுத்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பட்டியல் என்பது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு என்ற நினைப்பு நமக்கு ஊறிப்போனது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா தவிர்த்த எல்லா மாநிலங்களிலும் பெயரைப் பதிந்தால்தான் ஓட்டு, பல இடங்களில் பதிகிற பாடு முழுக்க அந்தந்த ஆளுடையது. வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். 1993ல் வந்த சட்டம் ஓட்டுநர் உரிமம் வாங்குகிற இடத்திலேயே பதியலாம் என்றது, 2016ல் ஓரிகான் தானாகவே பதிகிற முறையைத் தொடங்கியது, வேறு பல மாநிலங்களும் பின்னால் வந்தன. அப்படியும் கார் இல்லாதவர்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், இப்போதுதான் 18 வயது ஆனவர்கள், நம்மைப் போல் புதுக் குடிமக்கள் எல்லாம் விடுபட்டுப் போகிறார்கள். அரசு விட்ட அந்த இடத்தில் கட்சிகளும் அமைப்புகளும் ஆள் வைத்து நுழைகின்றன. கடை வாசலில், பேருந்து நிலையத்தில், கல்லூரி வளாகத்தில் கையில் அட்டையோடு ஒருவர் உங்களை மறித்து, பதிந்துவிட்டீர்களா என்று கேட்பார். அவர்களில் சிலர் தொண்டர்கள், சிலர் மணிக்கு இவ்வளவு என்று கூலிக்கு வந்தவர்கள்.

ஒரு சட்ட நுணுக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சண்டையில் இதைத்தான் முதலில் குழப்புகிறீர்கள். பதிந்துகொள்கிற ஆளுக்குப் பணம் கொடுப்பது மத்திய சட்டப்படி குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை. படிவம் சேகரிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது குற்றமே இல்லை. அந்தச் சம்பளத்தைப் படிவக் கணக்கில் கொடுக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் கூடாது, கலிஃபோர்னியாவில் கொடுக்கலாம். திருப்பூரில் பீஸ் ரேட் என்பார்களே, அதேதான். தைக்காத சட்டையைத் தைத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது, ஆனால் பார்க்காத ஆளின் பெயரை எழுதிக் கணக்குக் காட்டலாம். அத்தனை வம்பும் இதில்தான் தொடங்குகிறது.

சரி, சிவப்புப் பக்க (குடியரசுக் கட்சி) நண்பர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏக்கார்ன் என்ற பெயரை நீங்கள் இன்னும் விடவில்லை என்பதால். 1970ல் ஆர்கன்சாவில் ஏழைகளை ஒன்றுசேர்க்கப் பிறந்த அமைப்பு அது. 2008 தேர்தலுக்கு 13 லட்சம் பேரைப் பதிந்தோம் என்று மார்தட்டியது. பிறகு கணக்குப் பார்த்தால் உண்மையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 4.5 லட்சம் அளவில்தான்; மீதியில் முகவரி மாற்றம், ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள், பாதி நிரப்பியவை, முழுப் பொய் எல்லாம் கலந்திருந்தன. நெவாடாவில் டல்லஸ் கௌபாய்ஸ் கால்பந்து வீரர்களின் பெயரில் படிவங்கள் வந்தன. ஃப்ளோரிடாவில் மிக்கி மவுஸ் பெயரில் ஒன்று. அந்த அக்டோபரில் நடந்த அதிபர் வேட்பாளர்களின் கடைசி விவாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், நாட்டின் தேர்தல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மோசடிகளில் ஒன்றை ஏக்கார்ன் செய்யப்போகிறது, ஜனநாயகத்தின் இழையே அறுந்துவிடலாம் என்ற பொருளில் பேசினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2006 பிப்ரவரியில், மயாமியில் ஏக்கார்னும் சேர்ந்து நடத்திய குடியேறிகள் கூட்டத்தில் சிறப்புப் பேச்சாளராக மேடையேறியவரும் இதே மெக்கெய்ன்தான். அப்போது இழைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கள்ளப் படிவம் இருந்ததா? இருந்தது. அதை மறுக்கிற நீலப் பக்க (ஜனநாயகக் கட்சி) நண்பர்கள் கொஞ்சம் அடங்குங்கள், உங்கள் முறை வரும். ஆனால் அது ஏன் நடந்தது என்று அப்போதே கண்டுபிடித்துச் சொன்ன ஆள் யார் என்று பாருங்கள். 2007ல் சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஏக்கார்ன் வேலையாட்கள் ஏழு பேர் மீது வழக்கு வந்தது. தெருவில் நின்று ஆள் பிடிக்கச் சோம்பல், நூலகத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கற்பனை செய்து எழுதியிருக்கிறார்கள். வழக்குப் போட்ட டான் சாட்டர்பெர்க் அப்போது குடியரசுக் கட்சிக்காரர். கள்ள ஓட்டுப் போட வைப்பதற்காக இது நடக்கவில்லை, வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவதற்காக நடந்தது என்று அவரே சொன்னார். ஏக்கார்ன் 25,000 டாலர் கட்டியது. ஏமாந்தது முதலாளிதான் என்றாலும், அந்த முதலாளி ஆளை மேய்க்காமல் விட்டதும் தப்புதான்.

நெவாடா கதை இன்னும் சுவையானது. லாஸ் வேகஸ் ஊருக்கு ஏற்றமாதிரி அங்கே ஏக்கார்ன் மேலாளர் ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் வைத்தார், பெயர் பிளாக்ஜாக். ஒரு ஷிஃப்டில் 20 படிவம் கொண்டுவருவது கட்டாயம், 21 கொண்டுவந்தால் 5 டாலர் கூடுதல். அந்த மாநிலத்தில் படிவக் கணக்கில் பணம் கொடுப்பது குற்றம். வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர் கேதரின் கோர்ட்டெஸ் மாஸ்டோ ஜனநாயகக் கட்சிக்காரர், பின்னாளில் அதே கட்சி செனட்டர் ஆனவர். 2011ல் ஏக்கார்ன் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 5,000 டாலர் அபராதம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லோரும் மூடி மறைத்தார்கள் என்கிற சிவப்பு நண்பர்கள் இந்த வழக்கை ஏன் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். 2006ல் நியூ மெக்சிகோவின் மத்திய அரசு வழக்கறிஞர் டேவிட் இக்லேசியஸ், புஷ் நியமித்தவர், வாக்காளர் மோசடி வழக்குகளை உள்ளூர்க் கட்சிக்காரர்கள் கேட்ட வேகத்தில் போடவில்லை. ஆதாரம் போதாது என்றார். வேலை போனது. அதே வருஷம் மிசௌரியில் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்த பிராட்லி ஸ்க்ளோஸ்மன், தேர்தலுக்குச் சில நாளே இருக்கும்போது ஏக்கார்ன் வேலையாட்கள் நான்கு பேர் மீது குற்றச்சாட்டுப் பதிந்தார். தேர்தல் நெருங்கும்போது இப்படிச் செய்யாதே என்று நீதித்துறையின் சொந்தக் கையேடே சொல்கிறது. ஒரு படிவம் பொய்யா இல்லையா என்பதை விட, எந்தத் தேதிக்குள் பொய் என்று சொல்ல வேண்டும் என்பது முக்கியமாகிவிட்டது.

முடிவு தெரிந்ததுதான். 2009ல் ஏக்கார்ன் அலுவலகங்களில் ரகசியமாக எடுத்த வீடியோக்கள் வந்தன, நாடாளுமன்றம் ஏக்கார்னுக்கான நிதியை நிறுத்தியது, ஏராளமான ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்துதான் கை தூக்கினார்கள், 2010 நவம்பரில் அமைப்பு திவால் மனுப் போட்டது. வீடியோக்கள் கண்டபடி வெட்டி ஒட்டப்பட்டவை என்று கலிஃபோர்னியா அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னதை வாசித்தவர்கள் குறைவு. 2012 டிசம்பரில் ஒரு கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 49 சதவீதம் பேர், ஒபாமாவுக்காக அந்த வருஷத் தேர்தலை ஏக்கார்ன் திருடியது என்றார்கள். செத்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று புகார் சொன்னவர்கள், செத்த அமைப்பு தேர்தலையே திருடும் என்று நம்பினார்கள்.

இப்போது நீலப் பக்கம். இதுவரை வாசித்துக்கொண்டே தலையாட்டியிருப்பீர்கள், தெரியும்.

2008 வேட்பாளர் தேர்வில் ஒபாமா பிரசாரக் குழு, ஏக்கார்னின் கிளை நிறுவனம் ஒன்றுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. வாக்காளர்களை வாக்குச்சாவடிக்கு வரவழைக்கிற வேலைக்குக் கொடுத்த பணம், தேர்தல் ஆணையக் கணக்கில் மேடை, ஒலி, விளக்கு என்பது போல எழுதப்பட்டிருந்தது. பிறகு திருத்தினார்கள். குமாஸ்தாத் தப்பு என்றீர்கள். இருக்கலாம். இதையே மெக்கெய்ன் குழு செய்து, மேடை விளக்குக்கு 8 லட்சம் என்று எழுதியிருந்தால் குமாஸ்தா என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்குமா?

2012ஐ எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சியின் தேசியக் குழு ஐந்து மாநிலங்களில் பதிவு வேலைக்கு ஸ்ட்ராடஜிக் அலைட் கன்சல்டிங் என்ற நிறுவனத்தை அமர்த்தியது, சுமார் 30 லட்சம் டாலர். நடத்தியவர் நேதன் ஸ்ப்ரௌல், அரிசோனாவில் அந்தக் கட்சியின் நிர்வாகியாக இருந்தவர். 2004ல் அவருடைய பழைய நிறுவனம் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் படிவங்களைக் கிழித்துப் போட்டது என்று புகார் எழுந்தது, வழக்கு எதுவும் ஆகவில்லை. அந்தப் பழைய பேச்சு வேண்டாம் என்று புதுப் பெயரில் நிறுவனம் தொடங்கச் சொன்னதே கட்சிதான் என்று அவரே பத்திரிகையிடம் சொன்னார். செப்டம்பரில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் 106 படிவங்கள் சந்தேகத்துக்குரியவை என்று தேர்தல் அதிகாரி எடுத்து வைத்தார். ஒரே மாதிரிக் கையெழுத்து, இல்லாத முகவரி. அடுத்த மாதம் வர்ஜினியாவில், கட்சிக்காகப் படிவம் சேகரித்த ஒருவர் சிலவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டார் என்று கைதானார். தேசியக் குழு செப்டம்பரிலேயே அந்த நிறுவனத்தைக் கைகழுவியிருந்தது.

பாம் பீச் செய்தி வந்த வாரம் நடந்த பேச்சை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். நிறுவனத்தின் தரப்பு: ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தோம், ஒருசிலர் ஏமாற்றினார்கள், நாங்களே பயிற்சி கொடுத்துக் கண்காணித்தோம், தவறான படிவத்தை நாங்களாகக் கிழிக்கவும் கூடாது. இது ஏக்கார்ன் 2008ல் சொன்னது, அட்சரம் பிசகாமல். ஏக்கார்ன் சொன்னபோது அது நியாயமான விளக்கம் என்று எழுதினீர்கள். உண்மையிலேயே நியாயமானதுதான், பல மாநிலங்களில் சேகரித்த படிவத்தை அமைப்பு தூக்கி எறியக் கூடாது, சந்தேகம் இருந்தால் குறிப்பெழுதி ஒப்படைக்க வேண்டும், மக்கள் கொடுத்த படிவத்தை ஒரு தனியார் தரம் பிரித்துக் கழிப்பதை விட அது எவ்வளவோ மேல். ஆனால் ஸ்ப்ரௌல் அதையே சொன்னபோது குற்றக் கும்பல், திட்டமிட்ட சதி, மேலிடத்து உத்தரவு என்றீர்கள். சிவப்பு நண்பர்களோ நான்கு வருஷம் முன்பு ஏக்கார்னுக்குக் கொடுக்காத மன்னிப்பை எல்லாம் இந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் உடனே நீக்கினோம் பாருங்கள் என்று பெருமை வேறு பட்டீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டு தரப்பும் தங்கள் எழுத்துகளை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டால் போதும், புதிதாக எதுவும் தட்டச்சு செய்திருக்கவே வேண்டாம்.

ஃப்ளோரிடா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2005ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. படிவம் சேகரிக்கிற அமைப்பு பத்து நாளுக்குள் கொடுக்காவிட்டால் ஒரு படிவத்துக்கு 250 டாலர், கெடு முடிந்து கொடுத்தால் 500, கொடுக்கவே இல்லையென்றால் 5,000. கடுமையான சட்டம், ஒழுங்கு வேண்டும்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அரசியல் கட்சிகளுக்கு அதில் விலக்கு! பெண் வாக்காளர் லீக் போன்ற தொண்டு அமைப்பு தாமதித்தால் அபராதம், கட்சி தாமதித்தால் ஒன்றும் இல்லை. 2006ல் நீதிபதி பட்ரீஷியா சைட்ஸ் தடை போட்டார். மறுபடி 2011ல் பத்து நாளை 48 மணி நேரமாகச் சுருக்கினார்கள். லீக் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வேலையை அந்த மாநிலத்தில் நிறுத்திவைத்தது. மாணவர்களுக்குப் பதிந்து கொடுத்த பள்ளி ஆசிரியர் ஒருவர் சட்டச் சிக்கலில் மாட்டினார். 2012 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்தினார். மோசடியைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்று சொல்லிக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை. நான்கு மாதம் கழித்துப் பாம் பீச்சில் மாட்டியது அந்தக் கட்சியே 13 லட்சம் டாலர் கொடுத்த நிறுவனம். 2023ல் மறுபடி ஒரு சட்டம், வருஷத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை அபராதம். பாடம் கற்றார்கள் என்று சொல்ல முடியாது.

கலிஃபோர்னியாவைச் சொன்னேன் இல்லையா. 2006ல் ஆரஞ்சு கவுண்டியில் குடியரசுக் கட்சிக்காகப் படிவத்துக்கு இவ்வளவு என்று வேலை செய்தவர்கள், கையெழுத்து மனு என்று சொல்லி வாங்கி, ஜனநாயகக் கட்சிக்காரர்களையே கட்சி மாற்றிப் பதிந்துவிட்டார்கள். தன் கட்சி என்ன என்று தெரியாமலே பலர் மறுநாள் எழுந்தார்கள். அதன் பிறகு படிவக் கூலியைத் தடை செய்ய 2011ல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. அதை நிராகரித்தவர் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ஜனநாயகக் கட்சி. பதிவு வேலையை ஊக்குவிக்க வேண்டும், குற்றமாக்கக் கூடாது என்பது அவர் வாதம். படிவக் கூலி இல்லாமல் மணிக் கூலியில் பதிவு வேலை நடக்கிற மாநிலங்கள் பல இருக்கும்போது அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை.

அப்புறம் 2020, 2024. ஜக்கர்பெர்க் தம்பதி 35 கோடி டாலர் அளவில் ஒரு அமைப்புக்குக் கொடுத்து, அது நாடு முழுக்கத் தேர்தல் அலுவலகங்களுக்குப் போனது. கொரோனா காலம், அலுவலகங்களில் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கோடீஸ்வரர் தேர்தல் அலுவலகத்துக்குச் சம்பளம் கொடுப்பது எனக்கும் பிடிக்கவில்லை, அது எவ்வளவு நேர்மையாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும். தேர்தலை விலைக்கு வாங்கிவிட்டான் என்று சிவப்புப் பக்கம் கொதித்தது. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தடைச் சட்டம் போட்டன, விஸ்கான்சின் 2024 ஏப்ரலில் அரசியல் சாசனத்திலேயே எழுதியது. அதே வருஷம் அக்டோபரில் ஈலான் மஸ்க் இழுபறி மாநிலங்களில் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டார். பதிந்த வாக்காளர் ஒருவரைக் கையெழுத்துப் போட வைத்தால் 47 டாலர், பென்சில்வேனியாவில் 100. கையெழுத்துப் போட்டவர்களில் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர். நம் குழுக்களில் திருமங்கலம் ஃபார்முலா என்று கேலி ஓடியது நினைவிருக்கும். மனுவுக்குத்தான் பணம், பதிவுக்கு இல்லை என்பது அவர் தரப்பு. ஆனால் பதியாதவன் மனுவில் கையெழுத்துப் போட முடியாது. நீதித்துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஃபிலடெல்ஃபியாவில் வழக்கு நடந்தபோது, வெற்றியாளர்கள் குலுக்கலில் வரவில்லை, நாங்களே தேர்ந்தெடுத்தோம் என்று அவர் வழக்கறிஞரே சொன்னார். நீதிபதி தடுக்க மறுத்துவிட்டார். 2025 மார்ச்சில் அதே விஸ்கான்சினில், கிரீன் பே நகர மேடையில், பத்து லட்சம் டாலர் காசோலை கைமாறியது. ஜக்கர்பெர்க் பணத்துக்கு எதிராகச் சாசனத்தைத் திருத்தக் கை தூக்கியவர்கள் அந்த மேடைக்குக் கீழே கை தட்டினார்கள்.

அதே 2024 செப்டம்பரில் டெக்சஸ் அரசு வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன், சான் அன்டோனியோ இருக்கிற கவுண்டி மீது வழக்குப் போட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவுண்டி செய்த பாவம், 4 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழித்து, பதியாதவர்களுக்கு வெற்றுப் படிவத்தைத் தபாலில் அனுப்பியது. வெற்றுப் படிவம் ஆபத்து, பத்து லட்சம் டாலர் கருத்துச் சுதந்திரம்.

நீலப் பக்கத்தில் யாரும் புன்னகைக்க வேண்டாம். மஸ்க்கைக் கிண்டல் செய்வதாகச் சொல்லி ஒரு சீட்டு விளையாட்டு நிறுவனம், 2020ல் ஓட்டுப் போடாதவர்கள் மன்னிப்புக் கேட்டு, எப்போது எங்கே ஓட்டுப் போடுவேன் என்று திட்டம் போட்டு, டிரம்ப்பைத் திட்டி ஒரு பதிவும் போட்டால் 100 டாலர் வரை தருவதாக அறிவித்தது. அதை நீங்கள் ரசித்துப் பகிர்ந்தீர்கள். இன்னும் உறுத்துவது வேறொன்று. 2024 தொடக்கத்தில் உங்கள் கட்சியின் நன்கொடையாளர்களிடையே ஒரு குறிப்பு சுற்றியது, பத்திரிகைகளிலும் வந்தது: கண்மூடித்தனமாக எல்லோரையும் பதிந்தால், இந்தமுறை பதியாதவர்களில் நிறையப் பேர் டிரம்ப் பக்கம் இருக்கிறார்கள், அவருக்குத்தான் உதவியாகும், ஜாக்கிரதை என்று. எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும், அதில் கட்சி இல்லை என்று வரிவிலக்கு வாங்கிப் பல வருஷம் சொன்னது எல்லாம், அவர்கள் நமக்குப் போடுவார்கள் என்ற கணக்கில்தானா? அந்தக் குறிப்புக்கு உங்கள் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக லான்காஸ்டர். பென்சில்வேனியாவில் 2024 அக்டோபர் கடைசியில் சுமார் 2,500 படிவங்களை அந்தக் கவுண்டி சோதனைக்கு எடுத்தது. டிரம்ப் மேடையில் அதைக் கள்ள வாக்கு என்றே பேசினார். அவை வாக்குகள் அல்ல, படிவங்கள். அவற்றிலும் ஏராளமானவை உண்மையான ஆட்கள் கொடுத்த சரியான படிவங்கள். நீலப் பக்கம் வழக்கம்போல ஒன்றுமே நடக்கவில்லை என்றது. ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், அந்த மாநில அரசு வழக்கறிஞர் டேவ் சண்டே வழக்குப் போட்டார்: படிவம் சேகரித்த ஆறு பேர், அவர்களை நடத்திய ஒருவர். சண்டே குடியரசுக் கட்சி. தேர்தல் முடிவை மாற்றுவதற்காக இல்லை, கூலிக்காகவும் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவும் செய்தார்கள் என்றார். 2007ல் கிங் கவுண்டியில் சாட்டர்பெர்க் சொன்னதேதான். பதினெட்டு வருஷ இடைவெளியில், கோப்பைத் திறந்து பார்த்த இரண்டு குடியரசுக் கட்சி வழக்கறிஞர்களும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். இடையில் இரண்டு கட்சித் தலைவர்களும் கோப்பைத் திறக்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதில் யார் சிறைக்குப் போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மணிக்கு எட்டு ஒன்பது டாலருக்கு வெயிலில் நின்றவன். இருபது கொண்டுவராவிட்டால் நாளைக்கு வராதே என்று சொன்ன மேலாளர் அரிதாக மாட்டுகிறார், ஒப்பந்தம் கொடுத்த கட்சி ஒருபோதும் இல்லை. லான்காஸ்டர் வழக்கில் நடத்தியவரையும் சேர்த்தது அதனால்தான் எனக்கு நல்ல செய்தி.

என்ன செய்யச் சொல்கிறேன்? நீங்கள் இருக்கிற மாநிலத்தில் படிவக் கூலிக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நாளுக்கு இத்தனை கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயத்துக்கும் அதில் தடை இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அதுவும் வேறு பெயரில் படிவக் கூலிதான். இல்லையென்றால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், இரண்டு பக்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு. அபராதம் தொண்டு அமைப்புக்கு எவ்வளவோ அவ்வளவே கட்சிக்கும், ஆளை அமர்த்தியவருக்கும் சேர்த்து. சேகரித்த எந்தப் படிவத்தையும் யாரும் கிழிக்கக் கூடாது. இவ்வளவுதான். இதில் எந்த வரி எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. குடியுரிமைச் சத்தியப் பிரமாணம் முடிந்து வெளியே வரும்போது லீக் தொண்டர்கள் படிவத்தோடு நிற்பார்கள், உங்களில் பலர் அவர்களிடம்தான் பதிந்திருப்பீர்கள். அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் குடியுரிமைத் துறை அதை நிறுத்திவிட்டது. இனி மாநில, உள்ளூர்த் தேர்தல் அதிகாரிகள் மட்டும்தான் அங்கே பதிவு வேலை செய்யலாம். அதிகாரிகள் வராத ஊரில் புதுக் குடிமக்கள் கையில் கொடியோடு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். ஆகவே சங்கத்தின் கோடைக்கால பிக்னிக்கில் ஒரு மேசை போடலாம் என்று நினைக்கிறேன். தீபாவளிக்குப் போட்டுப் பயனில்லை, அதற்குள் பல மாநிலங்களில் கெடு முடிந்துவிடும். சிவப்பிலிருந்து ஒருவர், நீலத்திலிருந்து ஒருவர், பக்கத்தில் பக்கத்தில், ஒரு காசு கூலி இல்லாமல். வருகிற படிவத்தை ஒருவர் வாங்க, மற்றவர் எண்ணி ஒப்படைக்கட்டும். வருகிறவரிடம் எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது, தொப்பியும் பேட்ஜும் காரிலேயே இருக்கட்டும். வரச் சம்மதிக்கிறவர்கள் பெயர் கொடுங்கள், மேசை நாற்காலி என் பொறுப்பு.